பீஸ் போன கதையும் பொத்தான் வெச்ச அண்ணையும்

கடையைத் திறந்து ரொம்ப நாளாச்சு. ஆணி அதிகம்னு வழக்கமான சால்ஜாப்பு சொல்லலாம், ஆனா நிஜம் என்னன்னா சோம்பேறித்தனம்தான். இன்னிக்கு எழுத உட்கார வெச்சது ஒரு ஊதா கலர் ஃப்யூஸ். மேஜை டிராயரை ஒழிக்கும்போது கைக்கு வந்தது. எரிஞ்சு போன ஃப்யூஸ். "இதையெல்லாம் எதுக்குச் சேர்த்து வெச்சிருக்கீங்க?"ன்னு தங்கமணி கேட்டாங்க. பதில் கொஞ்சம் நீளம், பதிவாவே போட்டுடறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். :-)

கொசுவர்த்தியைச் சுத்திக்கோங்க. 2019 ஜனவரி கடைசி வாரம். டொராண்டோவோட கிழக்குப் பக்கம், ஸ்கார்பரோ. வெளியே மைனஸ் இருபதை ஒட்டின குளிர். வீட்டுல நான், தங்கமணி, எட்டு மாசக் குழந்தை, அப்புறம் பேத்தியைப் பார்க்கக் கும்பகோணத்துலேருந்து வந்த அம்மா. ராத்திரி பதினோரு மணிக்கு ஃபர்னஸ் நின்னு போச்சு.

ஊர்ல இருக்கறவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இங்க வீட்டுக்கு அடியில ஒரு நிலவறை உண்டு. அதுல ஒரு பெரிய தகரப் பொட்டி. அதுக்குள்ள கேஸ் எரியும், ஒரு பெரிய விசிறி அந்தச் சூட்டை வீடு முழுக்கத் தள்ளும். அதே விசிறி கோடைக்காலத்துல ஏசி காத்தையும் தள்ளும். மாடியில சுவத்துல இருக்கற தெர்மோஸ்டாட்தான் "குளிருது, பத்த வை", "போதும், அணை"ன்னு உத்தரவு போடற எஜமான். உத்தரவு போற வழி 24 வோல்ட். வீட்டு மின்சாரம் 120 வோல்ட். ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் அதை 24 ஆக்கித் தரும். அதுலேருந்து நூல் மாதிரி மெல்லிசா நாலஞ்சு கம்பி மேல போகும். சிவப்பு கரண்ட் வர்ற கம்பி. வெள்ளை சூட்டுக்கு, மஞ்சள் குளிருக்கு, பச்சை விசிறிக்கு. திரும்பி வர்ற பொதுக் கம்பி பெரும்பாலும் நீலம். அவ்வளவுதான் மொத்த மூளையும்.

இந்த 24 வோல்ட்டுக்குக் காவல்தான் நம்ம ஊதா ஃப்யூஸ். 3 ஆம்பியர். கார்ல இருக்குமே, ரெண்டு கால் நீட்டிக்கிட்டு பிளாஸ்டிக் பல்லு மாதிரி, அதேதான். அந்த வடிவத்தை 1976-ல் கார்களுக்காகக் கொண்டு வந்தது சிகாகோவுல 1927-ல் ஆரம்பிச்ச லிட்டல்ஃப்யூஸ் கம்பெனி. ஊதான்னா 3 ஆம்பியர், சிவப்புன்னா 10. இந்தக் கலர் கணக்கை ஞாபகம் வெச்சுக்கோங்க, எனக்கு வினை அங்கதான் வந்தது.

சரி, கதைக்கு வருவோம். பொட்டியைத் திறந்து பார்த்தா ஃப்யூஸ் போயிருந்தது. கார் டிக்கியில ஒரு ஃப்யூஸ் டப்பா இருந்தது, ஊதா ஒண்ணு எடுத்துச் சொருகினேன். பத்திக்கிச்சு! "பொட்டி தட்டறவன்னாலும் நாமளும் இன்ஜினியர்தானே"ன்னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டுப் படுத்தேன். பத்து நிமிஷத்துல மறுபடி கப்சிப். இன்னொண்ணு சொருகினேன். அதுவும் போச்சு. மூணாவதும் போச்சு. டப்பாவுல ஊதா தீர்ந்து போச்சு.

இந்த இடத்துல கொஞ்சம் சரித்திரம். ஏன்னா அன்னிக்கு ராத்திரி நான் பண்ணின தப்பு என்னோட சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. ஃப்யூஸ் பிறந்த காலத்துலேருந்து மனுஷன் பண்ணிக்கிட்டு வர்ற தப்பு.

ஃப்யூஸோட கதை வீட்டு மின்சாரத்துக்கும் முன்னாடியே ஆரம்பிக்குது. 1847-ல் பிரான்ஸ்ல லூயி ப்ரெகேன்னு ஒருத்தர், கடிகாரக் குடும்பத்துக்காரர், தந்தி நிலையங்களை இடி மின்னல்லேருந்து காப்பாத்த ஒரு யோசனை சொன்னார். தந்திக் கம்பியில ஒரு இடத்துல மட்டும் ரொம்ப மெல்லிசான கம்பியைச் சேர்த்துடு. மின்னல் வந்தா அது உருகும், உள்ள இருக்கற கருவி பிழைக்கும். பலி கொடுக்கன்னே ஒரு துண்டுக் கம்பி. அப்புறம் எடிசன் வந்தார். 1882-ல் நியூயார்க் பேர்ல் தெருவுல மின்நிலையத்தைத் திறந்து வீடு கடைகளுக்கெல்லாம் கரண்ட் விற்க ஆரம்பிச்சதும், ஃப்யூஸ் இல்லாம அந்த வியாபாரம் நடக்காதுன்னு ஆச்சு. 1890-ல் ஃப்யூஸ் கட்டைக்கு ஒரு பேடன்ட்டும் வாங்கினார்.

தத்துவம் ரொம்ப எளிசு. ஃப்யூஸ் சாகும், வீடு பிழைக்கும். ஆனா அது செத்தவுடனே மனுஷனுக்கு வர்ற முதல் கேள்வி "ஏன் செத்தது?" இல்லை. "அடுத்ததை எங்க வெச்சேன்?"தான். சிக்கலே இங்கதான்.

ஊர்ல இதை நாம எல்லாருமே பார்த்திருக்கோம். பீங்கான்ல வெள்ளையா கிட்காட் ஃப்யூஸ். அம்மா பாஷையில "பீஸ்". கரண்ட் பில் கட்டலைன்னா வந்து பிடுங்கிட்டுப் போவாங்களே, அதே பீஸ்தான். 1980-கள்ல எங்க வீட்டுல கிரைண்டர் போட்டா பீஸ் போகும். அப்பா ஸ்டூல் போட்டு ஏறிப் புதுக் கம்பி கட்டுவார். மறுபடி போகும். நாலாவது தடவை அப்பாவுக்குக் கோவம் வந்துடுச்சு. பழைய டேபிள் ஃபேன் வயரை உரிச்சு, உள்ள இருந்த செம்புக் கம்பியை அப்படியே கத்தையா முறுக்கிக் கட்டிட்டார். "இப்ப போகட்டும் பாக்கலாம்!"

பீஸ் போகலை. சொன்ன சொல் காப்பாத்திடுச்சு. ஆனா கிரைண்டர் வயர் சூடாகி இளகி, சுவிட்ச் போர்டு மரக்கட்டை கருகிப் போச்சு. அடுப்படி பூரா புகை. மெயினை அணைச்சதால தப்பிச்சோம்.

மறுநாள் வயர்மேன் வந்தார். அவர் கையில ஒரு பலகை. அதுல ஒரு ஹோல்டர், ஒரு குண்டு பல்பு, ரெண்டு வயர். சீரிஸ் பல்பு. கரண்ட்டை நேரா கொடுக்காம பல்பு வழியா கிரைண்டருக்குக் கொடுப்பாங்க. எல்லாம் சரியா இருந்தா பல்பு மங்கலா எரியும். எங்கேயாவது ஷார்ட் இருந்தா பளிச்னு முழு வெளிச்சத்துல எரியும். அவ்வளவுதான், எதுவும் உருகாது, வெடிக்காது. அவர் கிரைண்டர் வயரை இங்க வளைச்சு, அங்க நிமித்தி, பல்பையே பார்த்துக்கிட்டு இருந்தார். மோட்டாருக்குள்ள நுழையற இடத்துல வயரை வளைச்சதும் பளிச். "இங்கதாங்க"ன்னார். முழு வேலையும் கால் மணி நேரம்.

அப்ப எனக்கு அது வித்தை மாதிரி இருந்தது. அதுல இருந்த அறிவு அன்னிக்குப் புரியலை. பழுதைக் கண்டுபிடிக்கணும்னா அது திரும்பத் திரும்ப நடக்கணும். நடக்கற ஒவ்வொரு தடவையும் எதுவும் சேதமாகக் கூடாது. ஃப்யூஸ் இந்த ரெண்டாவதைப் பாதிதான் செய்யும், ஏன்னா ஒவ்வொரு தடவையும் அதுவே சேதமாகும். சீரிஸ் பல்பு ரெண்டையும் செய்யும்.

சரி, மறுபடி ஸ்கார்பரோ. ஊதா தீர்ந்து போச்சு. மணி பன்னெண்டரை. வீடு பதினாறு டிகிரிக்கு வந்தாச்சு. குழந்தைக்கு மூணு சட்டை. இந்தக் குளிர்ல ஃபர்னஸ் நின்னா ஆளுக்கு மட்டும் கஷ்டமில்லை, சுவத்துக்குள்ள தண்ணிக் குழாய் உறைஞ்சு வெடிக்கும். டப்பாவுல சிவப்பு ஃப்யூஸ் ஒண்ணு பல்லைக் காட்டிக்கிட்டு இருந்தது. 10 ஆம்பியர்.

ஆமாம். சொருகினேன். அப்பா பிள்ளைதானே!

ஃப்யூஸ் போகலை. இருபது நிமிஷத்துல கீழேருந்து ஒரு வார்னிஷ் கருகற நாத்தம். டிரான்ஸ்ஃபார்மர் செத்துடுச்சு. கணக்கு போட்டா சின்னப் பையனுக்கும் புரியும். அது 40 வோல்ட்-ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர். 24-ஆல வகுத்தா ஒன்றே முக்கால் ஆம்பியர்கூட வராது. அதுக்கு 10 ஆம்பியர் காவல் போட்டா, காவல்காரன் சௌக்கியமா இருப்பான், வீட்டுக்காரன் போய்ச் சேர்ந்துடுவான்.

அம்மா படியில நின்னுக்கிட்டு மோந்து பார்த்தாங்க. "தடிக் கம்பி போட்டியா?"ன்னு ஒரே கேள்வி. நான் பேசலை. "உங்கப்பா நாத்தம்டா இது"ன்னு சொல்லிட்டு, குழந்தையைப் போர்வைக்குள்ள சுருட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. என் வாழ்க்கையில யாரும் என்னை இவ்வளவு சுருக்கமாத் திட்டினது இல்லை.

அந்த ராத்திரி ஒரே ரூம்ல எல்லாரும் ஒரு சின்ன எலக்ட்ரிக் ஹீட்டரைச் சுத்தி உட்கார்ந்து கழிச்சோம். குழாய் உறையாம இருக்க எல்லாத்தையும் சொட்டுச் சொட்டா ஒழுக விட்டேன். காலையில ஒரு கம்பெனிக்கு போன் போட்டா, ஆள் வராமலேயே "கன்ட்ரோல் போர்டு போயிருக்கும், மாத்தணும்"னு ஒரு தொகை சொன்னாங்க. தலை சுத்திச்சு. அப்பதான் தமிழ்க் கடை வாசல்ல ஒட்டியிருந்த ஒரு துண்டுச் சீட்டு ஞாபகம் வந்து, அந்த அண்ணையைக் கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருஷமா இதே வேலை.

வந்தார். பொட்டியைத் திறந்தார். சிவப்பு ஃப்யூஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தம்பி, எத்தினை பியூஸ் மாத்தினனீங்கள்?"

"நாலு அண்ணை. கடைசியா இது."

"ஏன் போச்சுது எண்டு பாத்தனீங்களோ?"

"..."

"பியூஸ் குற்றவாளி இல்லைத் தம்பி. அது சாட்சி. நீங்கள் சாட்சியை நாலு தரம் கொண்டு போட்டியள்."

(இந்த ஒரு வரிக்காகவே இந்தப் பதிவு!)

முதல்ல புது டிரான்ஸ்ஃபார்மர் மாட்டினார். அப்புறம் மீட்டரை எடுத்து, கரண்ட்டை அணைச்சுட்டு, சிவப்புக் கம்பிக்கும் தகரத்துக்கும் நடுவுல ஷார்ட் இருக்கான்னு பார்த்தார். நான் ஆர்வக்கோளாறுல "எத்தனை ஓம் அண்ணை?"ன்னு கேட்டேன். "ஓம்"னார். "இல்லை அண்ணை, எத்தனை ஓம்?" "ஓம் தம்பி, ஒண்டும் காட்டேல்லை." ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. யாழ்ப்பாணத்து ஓமும் ஜெர்மனி ஓமும் மோதின சரித்திர நிகழ்ச்சி அது. :-))

மீட்டர்ல ஒண்ணும் இல்லைங்கறதுதான் முக்கியம். ஃபர்னஸ் நின்னுக்கிட்டு இருக்கும்போது ஷார்ட் இல்லை. ஓடும்போது மட்டும் வருது. நின்ன வண்டியில சத்தம் கேட்காத மாதிரி. இந்த மாதிரிப் பழுதை மீட்டரை வெச்சுப் பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம். ஓட விட்டுத்தான் பிடிக்கணும். ஓட விட்டா ஃப்யூஸ் போகும்.

இங்கதான் அண்ணை பையிலேருந்து அந்த வஸ்துவை எடுத்தார். தீப்பெட்டி அளவு. தலையில ஒரு சின்னப் பொத்தான், பக்கத்துல 3 ஆம்பியர்னு எழுதியிருந்தது, ரெண்டு வயர். ஃப்யூஸ் இருந்த இடத்துல அதைச் சொருகினார். கரண்ட் அதிகமானா பொத்தான் டக்குனு வெளியே வரும். கொஞ்சம் ஆறினதும் அமுக்கினா மறுபடி வேலை செய்யும். எத்தனை தடவை வேணும்னாலும். எனக்குக் கும்பகோணத்து சீரிஸ் பல்பு கண்ணு முன்னாடி வந்துட்டுப் போச்சு.

அந்தப் பொத்தானுக்குள்ள இருக்கறது ரெண்டு உலோகத் தகடுகளை ஒட்ட வெச்ச ஒரு பட்டை. சூடானா ஒண்ணு அதிகமா நீளும், இன்னொண்ணு கம்மியா நீளும், அதனால பட்டை வளையும். வளைஞ்சா இணைப்பு விடும். இதைக் கண்டுபிடிச்சது கப்பல்ல நேரம் பார்க்கறதுக்காகக் கடிகாரம் செஞ்ச ஜான் ஹாரிசன், 1759-ல் முடிச்ச தன்னோட மூணாவது கடல் கடிகாரத்துக்காக. அதே வளையற புத்தியை மின்சாரக் காவலுக்குக் கொண்டு வந்து, கூடவே ஒரு காந்தச் சுருளையும் சேர்த்து, வீட்டுல மாட்டற சின்ன சர்க்யூட் பிரேக்கராக்கினது ஜெர்மனி மன்ஹைம்ல ஹியூகோ ஸ்டோட்ஸோட கம்பெனி, 1924-ல். சாகாத ஃப்யூஸ்!

இன்னொரு வேடிக்கை. வளையற அதே பட்டைதான் பழைய தெர்மோஸ்டாட்டுக்குள்ளேயும் சுருண்டு உட்கார்ந்திருந்தது. வட அமெரிக்க வீடுகள்ல சுவத்துல வட்டமா ஒண்ணு இருக்கும், பழைய படங்கள்ல பார்த்திருப்பீங்க. 1953-ல் ஹனிவெல் கொண்டு வந்தது, வடிவம் போட்டவர் ஹென்றி ட்ரைஃபஸ். உள்ள பட்டைச் சுருள், அதன் தலையில பாதரசம் இருக்கற கண்ணாடிக் குமிழ். குளிர்ல சுருள் சுருங்கும், குமிழ் சாயும், பாதரசம் ஓடி ரெண்டு கம்பியைச் சேர்க்கும், ஃபர்னஸுக்கு உத்தரவு போகும்.

அதுக்கும் முன்னாடி? விஸ்கான்சின்ல ஒயிட்வாட்டர்னு ஒரு ஊர். அங்க ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில வாரன் ஜான்சன்னு ஒரு வாத்தியார். வகுப்பு நடக்கும்போது காவலாளி உள்ள வந்து, சூடு போதுமான்னு பார்த்துட்டு, நிலவறைக்குப் போய் அடுப்புக் கதவைத் திறந்து மூடுவார். பாடம் நடுவுல நிக்கும். வாத்தியாருக்கு எரிச்சல். அறையில சூடு மாறினா நிலவறையில மணி அடிக்கற மாதிரி ஒரு மின்கருவி செஞ்சு 1883-ல் பேடன்ட் வாங்கினார். 1885-ல் மில்வாக்கியில கம்பெனி ஆரம்பிச்சார். அதுதான் இன்னிக்கு ஜான்சன் கன்ட்ரோல்ஸ். அதே சமயத்துல மினியாபொலிஸ்ல ஆல்பர்ட் பட்ஸ்னு ஒருத்தர், குளிரினா ஒரு மோட்டார் சங்கிலியை இழுத்து நிலக்கரி அடுப்போட கதவைத் தானே தூக்கற மாதிரி செஞ்சார். அவர் வழி வந்த கம்பெனிதான் 1927-ல் ஹனிவெல்லோட சேர்ந்தது.

நம்ம மெல்லிசுக் கம்பிகளோட பரம்பரை இதுதான். ஆரம்பத்துலேருந்தே மணி அடிக்கற அளவு கரண்ட்தான் போதும். சூட்டை உண்டாக்கறது நிலக்கரியோ கேஸோ, கம்பியில போறது வெறும் சேதி. பின்னாடி வந்த மின் விதிகள்ல இதுக்கு "இரண்டாம் வகுப்பு"ன்னு ஒரு தனி இடமே கொடுத்தாங்க. வோல்டேஜ் கம்மி, சக்தி 100 வோல்ட்-ஆம்பியருக்குள்ள. ஷாக் பயம் குறைவு, தீப்பிடிக்கற பயமும் குறைவு. அதனால குழாய் எதுவும் இல்லாம சுவத்துக்குள்ள அப்படியே இழுத்துக்கலாம். அந்தச் சலுகைக்கு விலை என்னன்னா, உறை மெல்லிசு. ஆணி அடிச்சாலும், எலி கடிச்சாலும், தகர விளிம்புல உரசினாலும் போச்சு.

"தகர விளிம்புல உரசினா"ன்னு நான் இவ்வளவு துல்லியமாச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு.

அண்ணை செஞ்சது இதுதான். தெர்மோஸ்டாட்லேருந்து வர்ற எல்லாக் கம்பியையும் போர்டிலேருந்து கழட்டினார். ஒரு துண்டு வயரால போர்டிலேயே சிவப்பையும் வெள்ளையையும் இணைச்சார். அதாவது தெர்மோஸ்டாட் இல்லாமலே "பத்த வை"ன்னு உத்தரவு. ஃபர்னஸ் பத்திக்கிச்சு, கொஞ்ச நேரத்துல விசிறி ஓடிச்சு. பத்து நிமிஷம் பார்த்தோம். பொத்தான் அசையலை. "போர்டு நல்லாத்தான் இருக்கு"ன்னார். ஒரு தொகை மிச்சம்!

அப்புறம் மாடிக் கம்பிகளை மாட்டினார். பத்திக்கிச்சு. பொத்தான் உள்ளேயே இருந்தது. விசிறி ஓட ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷம். டக்!

அமுக்கினார். மறுபடி விசிறி. டக்!

"விசிறி ஓடேக்கதான் வருது. வடிவாக் கேளுங்கோ"ன்னார். விசிறி ஓடினா பொட்டி அதிரும். அதிர்ந்தா எதுவோ எதையோ தொடுது. அடுத்து கம்பியைக் கையில பிடிச்சு, மேலேருந்து கொஞ்சம் கொஞ்சமா அசைச்சுக்கிட்டே வந்தார். சுவத்துக்கிட்ட ஒண்ணுமில்லை. வளைவுல ஒண்ணுமில்லை. பொட்டிக்குள்ள நுழையற ஓட்டைகிட்ட விரல் பட்டதும், டக்!

மொத்தம் ஆறு தடவை பொத்தான் வெளியே வந்தது. ஊதா ஃப்யூஸா இருந்தா ஆறு ஃப்யூஸ், ஆறு தடவை மாத்தற நேரம். அதுவும் போகட்டும். மூணாவதுலயே எனக்கு வந்த மாதிரி எரிச்சல் வந்து, கை சிவப்பு டப்பா பக்கம் போயிருக்கும்.

டார்ச் அடிச்சுப் பார்த்தோம். தகர ஓட்டையில ஒரு பிளாஸ்டிக் வளையம் இருந்திருக்கணும், விளிம்பு கம்பியை அறுக்காம இருக்க. அது கழண்டு கீழே கிடந்தது. சிவப்புக் கம்பியோட உறை ஒரு மில்லிமீட்டர் தேஞ்சு, செம்பு மினுங்கிச்சு.

"ஆர் இதில கை வைச்சது?"ன்னு அண்ணை கேட்டார்.

நான்தான். அக்டோபர்ல சேல்ல ஒரு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வாங்கி நானே மாட்டினேன். அதுக்கு நீலக் கம்பி வேணும். போர்டு பக்கம் நீளம் பத்தலைன்னு கேபிளைப் பிடிச்சு ஒரு இழு இழுத்தேன். அப்ப வளையம் கழண்டு விழுந்திருக்கு. மூணு மாசம் விசிறி அதிர்ந்து அதிர்ந்து அறுத்து, மைனஸ் இருபது வந்த ராத்திரி, அதிக நேரம் ஓடும்போது, சரியா மாட்டி விட்டுச்சு. நாலு ஃப்யூஸும் இதைத்தான் சொல்லிச்சு. நான்தான் கேட்கலை.

வளையம் போட்டு, கம்பியை வெட்டிச் சேர்த்து, அண்ணை பொத்தான் கருவியைக் கழட்டி பையில போட்டுக்கிட்டார். ஊதா ஃப்யூஸ் ஒண்ணு சொருகினார். "அண்ணை, அந்தப் பொத்தானையே விட்டுட்டுப் போகலாமே, விலை தந்துடறேன்"னேன். அவர் தலையாட்டினார். "வேண்டாம் தம்பி. அது இருந்தா நீங்கள் ஏன் எண்டு கேக்க மாட்டியள். அமுக்கிக்கொண்டே இருப்பியள். கண்டுபிடிக்கப் பொத்தான், காவலுக்குப் பியூஸ்."

இதைச் சரித்திரமும் ஆமோதிக்குது. அமுக்கக்கூட வேண்டாத, தானே மீண்டுக்கற ஃப்யூஸ் ஒண்ணும் இருக்கு. உங்க கம்ப்யூட்டர் யூ.எஸ்.பி. சொருகற இடத்துக்குப் பின்னாடி பெரும்பாலும் அதுதான் காவல். 1939-ல் பெல் ஆய்வுக்கூடத்துல ஜெரால்ட் பியர்சன் இதுக்கு விண்ணப்பிச்சு 1941-ல் பேடன்ட் வாங்கினார். (1954-ல் சிலிக்கான் சூரிய மின்கலத்தைச் செஞ்ச மூணு பேர்ல ஒருத்தர் இவரேதான்.) பிளாஸ்டிக்ல கரித்தூளைக் கலந்தா, கரித்துகள்கள் ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டுக் கரண்ட்டைக் கடத்தும். கரண்ட் அதிகமானா சூடு, சூட்டுல பிளாஸ்டிக் உப்பும், துகள்கள் விலகும், தடை பல ஆயிரம் மடங்கு ஏறும். ஆறினா மறுபடி சேர்ந்துக்கும்.

யோசனை நல்லாயிருந்தாலும் கடைக்கு வர நாப்பது வருஷம் ஆச்சு. பிளாஸ்டிக் உருகி ஓடிடக் கூடாதே! 1957-ல் பால் குக் கலிபோர்னியாவுல ஆரம்பிச்ச ரேகெம் கம்பெனிக்கு அந்த வித்தை தெரியும். எலக்ட்ரான் கதிரை அடிச்சு பிளாஸ்டிக் இழைகளை ஒண்ணோட ஒண்ணு முடிச்சுப் போடறது. அப்புறம் அது உருகினாலும் உருவம் மாறாது. இதே சரக்கை வெச்சு 1970-கள்ல, தண்ணிக் குழாய் உறையாம இருக்கச் சுத்தி விடற, தானே சூட்டைக் கட்டுப்படுத்திக்கற கேபிள் செஞ்சாங்க. 1980-களின் ஆரம்பத்துல பாலிஸ்விட்ச்ங்கற பேர்ல ஃப்யூஸ். அந்தத் தொழில் கைமாறிக் கைமாறி 2016-ல் யார்கிட்ட போச்சு தெரியுமா? நம்ம பிளேடு ஃப்யூஸ் லிட்டல்ஃப்யூஸ்கிட்டயே! சாகறதும் மீள்றதும் இப்ப ஒரே கூரைக்குக் கீழ.

ஆனா இதுல ரெண்டு விஷயம் கவனிக்கணும். இது இணைப்பை முழுசா அறுக்காது. கொஞ்சம் கரண்ட் கசிஞ்சுக்கிட்டே இருக்கும், அந்தக் கசிவுதான் அதைச் சூடாவே வெச்சிருக்கும். அதனால மின்சாரத்தை நிறுத்தினாத்தான் மீளும். ரெண்டாவது, சுத்தி இருக்கற இடமே சூடா இருந்தா, எழுதியிருக்கற ஆம்பியருக்கு முன்னாடியே தடுக்க ஆரம்பிச்சுடும். ஃபர்னஸ் மாதிரி இடத்துல பழுது தேடும்போது இது குழப்பும். எப்ப போச்சு, எப்ப வந்ததுன்னே தெரியாது. பொத்தானோ டக்குனு சத்தம் போட்டுச் சொல்லும், நீ வந்து அமுக்கற வரைக்கும் காத்திருக்கும்.

யோசிச்சுப் பார்த்தா நம்ம ஊர் சீரிஸ் பல்பும் இந்தக் குடும்பம்தான். பல்போட இழை குளிர்ந்து இருக்கும்போது தடை ரொம்பக் கம்மி, எரியும்போது பத்து மடங்குக்கு மேல. பியர்சன் பேரே தெரியாம எங்க கும்பகோணத்து வயர்மேன் அதே பௌதிகத்தைப் பலகையில ஆணி அடிச்சு வெச்சிருந்தார். கூடவே அது வெளிச்சம் போட்டும் காட்டும்.

ப்ரெகேயோட மெல்லிசுக் கம்பியிலேருந்து பியர்சனோட கரித்தூள் வரைக்கும் கிட்டத்தட்ட நூறு வருஷம். அவ்வளவு நாளும் மனுஷன் யோசிச்சது ஃப்யூஸை எப்படிச் சாகாம வெச்சுக்கறதுன்னு. அது சொல்ல வர்றதைக் கேட்கறது மட்டும் இன்னும் நம்ம கையிலதான் இருக்கு. அப்பா கேட்கலை. நானும் கேட்கலை.

அன்னிக்கு ராத்திரி ஃபர்னஸ் முனகாம ஓடிச்சு. அம்மா குழந்தைக்குப் போட்டிருந்த மூணு சட்டையில ரெண்டைக் கழட்டினாங்க. "அந்தப் பிள்ளை என்ன சொல்லிச்சு?"ன்னு கேட்டாங்க. சாட்சிக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "உங்கப்பாகிட்ட அன்னிக்கு யாராவது இப்படிச் சொல்லியிருக்கலாம்"னாங்க.

எரிஞ்ச ஊதா ஃப்யூஸ் ஒண்ணை எடுத்து டிராயர்ல போட்டேன். இன்னிக்குத் தங்கமணி அதைத் தூக்கிப் போடப் பார்த்தது அதைத்தான். வேண்டாம், இருக்கட்டும்னு வாங்கி வெச்சிருக்கேன்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் கேஸ் ஃபர்னஸைத் திறந்து விளையாடாதீங்க. பொட்டிக்குள்ள 24 மட்டுமில்லை, 120 வோல்ட்டும் இருக்கு, கேஸும் இருக்கு. ஒரு ஃப்யூஸ் போனா மாத்தலாம். உடனே ரெண்டாவதும் போனா கையைக் கட்டிக்கிட்டு, தெரிஞ்சவங்களைக் கூப்பிடுங்க. எழுதியிருக்கற ஆம்பியரை விடப் பெரிய ஃப்யூஸ் மட்டும் போடவே போடாதீங்க. போட்டுட்டீங்கன்னா, அந்த நாத்தத்தை எங்கம்மா கும்பகோணத்துலேருந்தே கண்டுபிடிச்சுடுவாங்க. :-)